யாரு வழியா வந்த சீனி?

எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பெரிய வருத்தம் ஏதும் வந்தால், என்ன வருத்தம் என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே அது யாரு வழியா வந்தது என்று கேட்டுவிடுவார்கள். அப்பன் வழியா, ஆத்தா வழியா? தம்பி மகளுக்கு ஒன்பது வயதில் சீனி வருத்தம் என்று தெரிந்தபோதும் அப்படித்தான் நடந்தது. பிள்ளை வார்ட்டில் சேலைன் ஏறியபடி கிடக்கிறாள். இங்கே லயத்து வாசலில் அம்மா தீர்ப்பே சொல்லி முடித்துவிட்டார். "அவ அப்பனுக்குத்தானே சீனி? எங்க பரம்பரையில யாருக்கு இருந்துச்சு?"

அம்மா சொன்ன அந்த அப்பன், தம்பி மனைவியின் தகப்பனார். தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு சீனி வந்தது. மெட்போமின் குளிசை போட்டுக்கொண்டு, கிளினிக் கொப்பியைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, இன்றைக்கும் நடமாடுகிறார். பேத்திக்கு வருத்தம் கொடுத்த குற்றம் அவர் தலையில் ஏறியது. தம்பி மனைவி ஒன்றும் பேசவில்லை. காலையில் கொழுந்து எடுக்க மலைக்குப் போவதும், பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடிப்பதுமாக இருந்தாள். ஒருநாள் என்னிடம் மட்டும் கேட்டாள்: "அண்ணி, நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிறவங்க. நெசமாவே எங்க பக்கமிருந்துதான் வந்துச்சா?"

நான் பூண்டுலோயாவில் சாதாரண தர வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அம்மாவுக்கு ஒரு வரி போதாது.

முதலில் கிழவனாரை விடுவிப்போம். அவருடைய சீனியும் பேத்தியின் சீனியும் பெயரளவில்தான் ஒன்று. அவருடைய சதையி இன்னும் இன்சுலின் சுரக்கிறது. உடம்பு அதற்குச் சரியாகப் பணிவதில்லை, போகப் போகச் சுரப்பும் போதாமல் போகிறது. இது இரண்டாம் வகை. இவளுக்கு வந்தது முதலாம் வகை. இன்சுலின் செய்யும் பீட்டா கலங்களையே அவளுடைய சொந்த வெண்குழியங்கள் அழித்துக்கொண்டிருந்தன. இரண்டு வகைக்கும் பின்னால் பரம்பரை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சம்பந்தப்பட்ட பரம்பரை அலகுகள் பெரும்பாலும் வேறு வேறு. இரண்டாம் வகையில் அவை சதையியிலும் கொழுப்பிலும் வேலை செய்கின்றன. முதலாம் வகையில் பெரும்பாலானவை நிர்ப்பீடனக் குழியங்களில், அதாவது கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் குழியங்களில், வேலை செய்கின்றன. தாத்தாவின் குளிசைக்கும் பேத்தியின் ஊசிக்கும் உறவு கட்ட முடியாது.

வருத்தம் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், மற்ற வீடுகளுக்கு உதவும். பிள்ளை பீலியில் வாய் வைத்து மாடு மாதிரித் தண்ணி குடித்தாள். ஒன்பது வயதில் மறுபடி படுக்கையை நனைத்தாள். வயிறு நிறையத் தின்றும் இளைத்தாள். பூச்சி என்று பூச்சி மருந்து கொடுத்தார்கள், பயந்துவிட்டாள் என்று கையில் நூல் கட்டினார்கள். ஒரு மருந்தகத்தில் வயிற்றுக் கோளாறு என்று தண்ணி மருந்து தந்து அனுப்பினார்கள். கடைசியில் வாந்தியும், ஓடி வந்தவள் போல நீளமான மூச்சும் வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தார்கள். அங்கே இருந்த இளம் டொக்டர் ஒருவர் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். மீட்டரில் இலக்கம் வரவில்லை, அளவுக்கு மேல் என்ற எழுத்துத்தான் வந்தது. இன்சுலின் அறவே இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரித்து, அதில் வரும் அமிலம் இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அந்த மூச்சு அதனால்தான். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடுவதற்கு முந்தைய காலமென்றால், அந்த நிலைக்கு வந்த பிள்ளை பிழைப்பதில்லை.

வெண்குழியங்கள்தான் கொலையாளி என்பது எப்படித் தெரிந்தது? 1965இல் பெல்ஜியத்து நோயியலாளர் வில்லி கெப்ட்ஸ், வருத்தம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் இறந்த 22 பேரின் சதையியை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சதையிக்குள் இன்சுலின் சுரக்கும் சின்னச் சின்னத் திட்டுகள் உண்டு. 1869இல் அவற்றை முதலில் விவரித்தவரின் பெயரால் லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள் என்கிறோம். அந்த 22 பேரில் 15 பேருக்குச் சிறுதீவுகளைச் சுற்றி நிணநீர்க்குழியங்கள் என்ற வெண்குழியங்கள் மொய்த்துக் கிடந்தன. 1974இல் சிறுதீவுகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளையும் நோயாளிகளின் இரத்தத்தில் கண்டார்கள். சீனி அதிகம் தின்றதால் வந்த வருத்தம் என்ற பேச்சு அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் கடை வாசலில் இன்னும் முடியவில்லை.

இந்தக் குழியங்களுக்குள் பரம்பரை எங்கே புகுகிறது என்பதுதான் நான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்த பகுதி.

டி நிணநீர்க்குழியம் (சுருக்கமாக டி குழியம்) எலும்பு மச்சையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வளர்கிறது. ஒவ்வொன்றும் எதையாவது ஒன்றைத்தான் அடையாளம் காணும். எதை என்பது குருட்டுவாக்கில் அமைவதால், நம்முடைய சொந்தப் புரதங்களையே எதிரியாகக் காண்பவையும் கூடவே உருவாகிவிடும். ஆகவே உடம்பின் பல பாகங்களின் புரதங்களைத் தைமஸ் தானே கொஞ்சம் கொஞ்சம் செய்து காட்டுகிறது. அதைப் பார்த்துச் சீறும் குழியங்களில் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. வயிற்றில் இருக்கும் சதையி செய்ய வேண்டிய இன்சுலினை நெஞ்சில் இருக்கும் தைமஸும் துளியளவு செய்கிறது என்பதை முதன்முதலாக வாசித்தபோது எனக்கே நம்பக் கஷ்டமாக இருந்தது. 11ஆம் நிறமூர்த்தத்தில் இன்சுலின் பரம்பரை அலகுக்குச் சற்று முன்னால், ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி இருக்கிறது. சிலருக்கு அது நீளம், சிலருக்குக் கட்டை. நீளமாக இருப்பவர்களின் தைமஸில் இன்சுலின் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகச் சுரக்கிறது என்று 1997இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டன. அவர்களுக்கு முதலாம் வகை குறைவாக வருகிறது. கட்டையாக இருப்பவர்களில், இன்சுலினை எதிரியாகக் காணும் குழியங்கள் சில தப்பி வெளியே வந்துவிடுகின்றன.

தப்பி வந்தவை எல்லாம் வருத்தம் கொடுப்பதில்லை. ஆரோக்கியமான ஆட்களின் இரத்தத்திலும் அவை சுற்றுகின்றன. அவற்றுக்கு யாராவது ஒரு துண்டு இன்சுலினை எடுத்துக் காட்ட வேண்டும். காட்டும் வேலையைச் செய்வது எச்.எல்.ஏ. என்ற புரதங்கள். வேறொரு ஆளின் சிறுநீரகத்தை வைக்கும்போது பொருந்துமா என்று பார்ப்பார்களே, அதே புரதங்கள்தான். 6ஆம் நிறமூர்த்தத்தில் இவற்றின் அலகுகள் நெருக்கமாக இருக்கின்றன. இந்தப் புரதத்தின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. கலத்துக்குள் வெட்டுப்பட்ட புரதத் துண்டொன்று அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து வெளியே வரும், டி குழியம் அதைத் தொட்டுப் பார்க்கும். பள்ளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. 1987இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஜோன் டொட், ஜோன் பெல், ஹியூ மெக்டெவிட் ஆகிய மூவரும் இதில் ஒரு விசயத்தைக் கண்டார்கள். டி.கியூ. என்ற எச்.எல்.ஏ. புரதத்தின் பீட்டா சங்கிலியில் 57ஆவது இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இருந்தால் வருத்தம் வருவது குறைகிறது. அந்த இடத்தில் வேறு அமினோ அமிலம் இருந்தால் கூடுகிறது. சில நூறு அமினோ அமிலங்களில் ஒன்று! முதலாம் வகையின் பரம்பரைப் பங்கில் ஏறக்குறைய பாதி இந்த எச்.எல்.ஏ. பகுதியிலிருந்துதான் வருகிறது.

இங்கே அம்மாவின் கேள்விக்கு நேரான ஒரு பதில் ஒளிந்திருக்கிறது. டி.கியூ. புரதம் ஆல்பா, பீட்டா என்ற இரண்டு சங்கிலி சேர்ந்து உருவாகிறது. ஆபத்தான வகைகளில் பெயர் பெற்றவை டி.ஆர்.3, டி.ஆர்.4 என்ற இரண்டு தொகுதிகள். ஒரு பிள்ளைக்கு அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து மற்றதும் வந்தால், ஒரே தொகுதி இரண்டு தடவை வந்ததைவிட ஆபத்துக் கூடுகிறது. காரணங்களில் ஒன்று, அந்தப் பிள்ளையின் உடம்பில் ஒருவர் வழி வந்த ஆல்பாவும் மற்றவர் வழி வந்த பீட்டாவும் சேர்ந்து கலப்பாக ஒரு புரதம் உருவாவது. அந்தப் புரதம் பெரும்பாலும் அப்பன் உடம்பிலும் இருந்ததில்லை, ஆத்தா உடம்பிலும் இருந்ததில்லை. பிள்ளையிடம்தான் முதல்தடவை பிறக்கிறது. அதை யாரு வழி என்று எழுதுவது? எங்கள் பிள்ளைக்கு அந்த இரண்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "அப்ப ரெண்டு பேருக்கும் பங்கு இருக்குன்னு சொல்லு" என்றார். தோட்டத்துப் பஞ்சாயத்தில் அது பெரிய இறக்கம்.

டி குழியத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அலகுகளும் உண்டு. சி.டி.எல்.ஏ.4 என்பது கிளர்ந்த குழியத்தை அடக்கும் புரதம். ஐ.எல்.2.ஆர்.ஏ. என்பது, மற்றக் குழியங்களை அமைதிப்படுத்தும் ஒழுங்காக்கி டி குழியங்கள் உயிர் வாழத் தேவையான வாங்கி. இவற்றில் சின்ன வேறுபாடுகள் இருந்தால் அடக்குவது கொஞ்சம் தளர்கிறது. ஐ.எப்.ஐ.எச்.1 இதற்கு நேர் எதிரான கதை. கலத்துக்குள் வைரஸ் புகுந்ததை உணர்ந்து சத்தம் போடும் புரதம் அது. 2009இல் வெளியான ஆய்வொன்று, அந்த அலகு பழுதுபட்ட அபூர்வமான சிலருக்கு முதலாம் வகை வருவது குறைவு என்று காட்டியது. வைரஸை உசாராகக் கண்டுபிடிக்கிறவர்களுக்கே இந்த வருத்தமும் கூடுதலாக வருகிறது. இவற்றைக் கெட்ட பரம்பரை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொள்ளை நோய்களில் செத்து மடிந்த சனத்துக்கு நடுவில் எங்கள் பாட்டன் பூட்டன் தப்பிப் பிழைக்க இவற்றில் ஏதாவது உதவியிருக்கக்கூடும்.

2021இல் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களின் டி.என்.ஏ.யை ஒப்பிட்ட பெரிய ஆய்வொன்று, முதலாம் வகையோடு தொடர்புள்ள 78 இடங்களை எண்ணியது. அநேகமானவை புரதத்தின் அமைப்பை மாற்றுவதில்லை. எந்தக் கலத்தில், எப்போது, எவ்வளவு புரதம் செய்வது என்பதை மாற்றுகின்றன. அதுவும் குறிப்பாக டி குழியங்களில். ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. ஒரே ஆளிடம் நிறையக் கடுகு சேர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இந்த ஆய்வுகள் மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சத்தவர். அவர்களிடம் பி.டி.பி.என்.22 என்ற அலகின் ஒரு வடிவம் முக்கியமான குற்றவாளி, தெற்காசியர்களிடம் அது மிக அபூர்வம். இந்தியாவில் டில்லி எய்ம்ஸில் என்.கே. மெஹ்ராவின் குழு பல வருடம் உழைத்து, இந்திய நோயாளிகளில் டி.ஆர்.3 தான் மேலோங்கி நிற்கிறது என்றும், அந்த டி.ஆர்.3 கூட ஐரோப்பியர்களிடம் காண்பதிலிருந்து வேறான கூட்டாளிகளோடு வருகிறது என்றும் காட்டியது. ஐரோப்பியருக்காகச் செய்த பரம்பரை மதிப்பெண் முறையைப் புனேயில் டொக்டர் யாஜ்னிக்கின் குழுவும் இங்கிலாந்து ஆய்வாளர்களும் 2020இல் சோதித்தார்கள். இந்தியரிலும் அது முதலாம் வகையைப் பிரித்துக் காட்டியது, ஐரோப்பியரிடம் காட்டிய அளவை விடக் கொஞ்சம் குறைவாக. பிழைப்புத் தேடி இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கப்பலில் வந்து மலையேறிய சனத்தின் பேரப்பிள்ளைகள் நாங்கள். எங்கள் எச்.எல்.ஏ.யும் அந்தக் கப்பலில்தான் வந்தது.

இலங்கையிலும் பார்த்திருக்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிரசாத் கட்டுலந்த தலைமையில் நடந்த இளையோர் நீரிழிவு ஆய்வு 2008இல் வெளிவந்தது. 40 வயதுக்குள் நீரிழிவு வந்த ஆயிரம் பேரளவினரின் இரத்தத்தில் காட் என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியைத் தேடினார்கள். ஏறக்குறைய இருபதில் ஒருவரிடம்தான் இருந்தது. இங்கே இளம் வயதில் சீனி வந்தாலும் பெரும்பாலானோருக்கு அது இரண்டாம் வகை. முதலாம் வகைப் பிள்ளை ஒரு பெரிய கூட்டத்துக்குள் காணாமல் போவதும், பூச்சி மருந்து வாங்குவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பரம்பரை மட்டும் போதாது என்பதற்கு எங்கள் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடி போல இன்னொன்று இருக்காது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வீபீ செடிகள் அப்படியில்லை. ஒரே தாய்ச்செடியின் கிளையை வெட்டி வெட்டி நட்டவை, பரம்பரையில் ஓர் இம்மியும் வேறுபடாதவை. ஆனாலும் மழைக்காலத்தில் பனிமூட்டம் தங்கும் பள்ளத்து நிரையில் கொப்புள நோய் அடித்துக் கிடக்கும், வெயில் படும் மேட்டு நிரை பச்சென்று நிற்கும். ஒரே கருவில் பிரிந்த இரட்டைப் பிள்ளைகளும் இந்த வீபீ செடிகள் மாதிரிதான். ஒருவருக்கு முதலாம் வகை வந்த இரட்டையர்களை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2008இல் கணக்குச் சொன்னார்கள். 60 வயதுக்குள் மற்றவருக்கும் வந்தது 65 சதவீதம். மீதிப் பேருக்கு அதே பரம்பரை, அதே எச்.எல்.ஏ., வருத்தம் மட்டும் இல்லை.

இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரக் கணக்கு இன்னும் பளிச்சென்று சொல்கிறது. அங்கே குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளில் முதலாம் வகை, 1978-81 காலத்தில் வருடத்துக்கு இலட்சத்தில் 3 பேரளவில் இருந்தது. 1988-90இல் 11 பேரைத் தாண்டி, அந்த ஊர் மற்றப் பிள்ளைகளின் அளவைத் தொட்டுவிட்டது. பத்து வருடத்தில் பரம்பரை மாறாது. மாறியது வாழ்ந்த இடம். வைரஸா, உணவா, குடலில் வாழும் நுண்ணுயிர்களா என்று இன்னும் தேடுகிறார்கள். குடலில் தொற்றும் என்டரோ வைரஸ்கள் மேல் சந்தேகம் கூடுதலாக இருக்கிறது.

அம்மாவின் அடுத்த கவலை வேறு. "பொம்பளப் புள்ள. நாளைக்கு யாரு கட்டுவா? அதுக்குப் பொறக்குறதுக்கும் வந்துருமே." இதற்குக் கணக்கு இருக்கிறது. முதலாம் வகை உள்ள தாய்க்குப் பிறக்கும் நூறு பிள்ளைகளில் வருத்தம் வருவது ஏறத்தாழ மூன்று பேருக்கு, தகப்பனுக்கு இருந்தால் ஆறு பேருக்கு. இவை வருத்தம் அதிகமுள்ள மேலை நாடுகளில் எடுத்த கணக்குகள். புதிதாக வருத்தம் வரும் பத்துப் பிள்ளைகளில் எட்டொன்பது பேரின் குடும்பத்தில் வேறு யாருக்குமே அது இருந்ததில்லை. பெண் பார்க்க வரும்போது குடும்பத்தில் குடிக்கிறவர் யார் என்று விசாரிப்பது இதைவிட நல்ல ஆராய்ச்சி என்று நான் சொல்ல, தம்பி முறைத்தான்.

தம்பிக்கு இப்போது மகனைப் பற்றிய யோசனை. ஆறு வயது. கூடப் பிறந்தவர்களுக்கு ஆபத்து நூற்றுக்கு ஐந்தாறு என்று எங்கேயோ கேட்டுவிட்டு, "அக்கா, கொழும்புக்குக் கொண்டுபோய் ஜீன் டெஸ்ட் எடுப்போமா?" என்று கேட்டான். பரம்பரைச் சோதனை அவனுக்குத் தருவது இன்னொரு சதவீதக் கணக்குத்தான். ஆபத்து மிகக் கூடிய எச்.எல்.ஏ. சோடி உள்ள பிள்ளைகளிலும், பதினைந்து வயதுக்குள் வருத்தம் வருவது இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். பிறபொருளெதிரிச் சோதனை வேறு சாதி. இரண்டோ அதற்கு மேலோ பிறபொருளெதிரிகள் இருக்கும் பிள்ளைகளில், பத்து வருடத்துக்குள் பத்தில் ஏழு பேருக்கு வருத்தம் வெளிப்படுகிறது. சீனி ஏறுவதற்கு முன்னாலேயே குழியங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்பதற்கு அது சாட்சி. அந்த நிலையில் கொடுப்பதற்கு டெப்லிசுமாப் என்ற மருந்து வந்திருக்கிறது. டி குழியங்களின் மேலுள்ள சி.டி.3 என்ற புரதத்தைப் பிடித்து அவற்றின் வேகத்தைக் குறைக்கும். 76 பேரில் செய்த சோதனையில், வருத்தம் வெளிப்படுவதை ஏறத்தாழ இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பதினான்கு நாள் மருந்துக்கு அங்கே குறித்த விலை 1,90,000 டொலருக்கு மேல். 2024இல் தம்பி மனைவியின் நாள் சம்பளம் 1,350 ரூபாய், அதுவும் பேர், அதாவது நாள் வேலைக் கணக்கு, முழுதாக விழுந்தால்.

ஆகவே மலிவான வேலையைச் செய்கிறோம். இன்சுலின் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. இரத்தம் பார்க்கும் ஸ்டிரிப் போத்தலுக்குத்தான் பல நாள் பேர் கரைகிறது. பூண்டுலோயாக் குளிரில், திறந்த இன்சுலின் போத்தலுக்கு ஃப்ரிஜ் தேவைப்படுவதில்லை. அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான மாடப்பிறையில் வைத்திருக்கிறார்கள். பிள்ளை இப்போது தானே தொடையில் ஊசி போடுகிறாள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு குளுக்கோஸ் பக்கெட் கொண்டுபோகிறாள். சிறுநீரில் சீனி காட்டும் பட்டிகள் உள்ள போத்தலொன்றும் வீட்டில் இருக்கிறது. அது மகனுக்காக வாங்கியது. அவன் தண்ணி கூடக் குடித்தால், இரவில் எழும்பினால், இளைத்தால், அன்றைக்கே பட்டியை நனைத்துப் பார்ப்பது. பட்டி நிறம் மாறினால் நாளைக்கு என்று வைக்காமல் ஆட்டோ பிடிப்பது. இதை அந்த லயத்தில் மற்ற வீடுகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் பக்கத்துக் காம்பிராவில் ஒரு குழந்தை இரவெல்லாம் தண்ணி கேட்கிறது என்றதும், பட்டியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியது அம்மா. அந்தக் குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல்தான். பட்டி விலை என்ன, அதை இப்படி வீணாக்கலாமா என்று இப்போது தம்பிக்கும் அம்மாவுக்கும் சண்டை.